ஒற்றை ஒளித்துகளைப் பிடிக்கும் குளிர்ந்த அணுக்கள்

மாணவர்களே, இன்று இரவு ஜார்ஜ்டவுனில் உள்ள உங்கள் வீட்டிலிருந்து சென்னையில் இருக்கும் பெரியம்மாவைக் கைப்பேசியில் அழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் "வணக்கம், பெரியம்மா" என்று சொன்னதும் அந்தச் சொல் ஒளித்துடிப்புகளாக மாறுகிறது. அந்தத் துடிப்புகள் கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக்குள் புகுந்து வங்காள விரிகுடாவைக் கடக்கின்றன. 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' என்ற கடலடி ஒளியிழை வடம் சென்னையையும் பினாங்கையும் இணைக்கிறது. நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 2,400 கி.மீ. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கி.மீ. வேகத்தில் ஓடுவதால், அந்தத் தூரத்தை 12 மில்லி நொடியில் தாண்டிவிடும். கண் இமைக்கும் நேரம்கூட இதைவிட அதிகம்.

இந்தக் கடல் வழி நமக்குப் புதிதல்ல. 1870-71ஆம் ஆண்டுகளிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போடப்பட்டது. அன்று ஓடியது மின்துடிப்பு. இன்று ஓடுவது ஒளித்துடிப்பு.

உங்கள் அழைப்பைச் சுமந்து செல்லும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏராளமான ஒளித்துகள்கள் இருக்கின்றன. வழியில் பாதி தொலைந்தாலும் மறுமுனைக்குச் செய்தி புரிந்துவிடும். ஆனால் ஒரு துடிப்பில் ஒரே ஓர் ஒளித்துகள் மட்டும் இருந்தால்? அது வந்து சேர்ந்ததா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்று நாம் பார்க்கப்போவது இந்தக் கேள்வியைத்தான். அதற்கு விஞ்ஞானிகள் தேடும் விடைகளுள் ஒன்று, கண்ணாடி இழைக்குள் உறைபனியைவிடப் பலமடங்கு குளிர்ந்த அணுக்களைக் காவலுக்கு நிறுத்துவது.

ஒளியையும் எண்ணலாம்

படிவம் 5 இயற்பியல் நூலின் கடைசி இயல் குவாண்டம் இயற்பியல். அதில் 'ஃபோட்டான்' என்ற சொல் வரும். ஒளி தொடர்ச்சியான வெள்ளம்போல் தோன்றினாலும், அது ஆற்றலைச் சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுக்கிறது, வாங்குகிறது. ஒரு பொட்டலம்தான் ஒரு ஃபோட்டான். தமிழில் ஒளித்துகள் என்கிறோம்.

ஒரு பொட்டலத்தில் எவ்வளவு ஆற்றல் என்பதை E = hf என்ற சமன்பாடு சொல்கிறது. h என்பது பிளாங்க் மாறிலி. f என்பது ஒளியின் அதிர்வெண். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அடர்சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டால், ஒரு ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 2.5 × 10⁻¹⁹ ஜூல். கைப்பேசியின் டார்ச் விளக்கோ நொடிக்கு ஏறத்தாழ 10¹⁸ ஒளித்துகள்களைக் கொட்டுகிறது. 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து எண்ணுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது புரியும்.

ஒளித்துகள்களைக் கூட்டமாக எண்ணும் கணக்கு முறையை 1924இல் டாக்காவிலிருந்து எழுதி ஐன்ஸ்டைனுக்கு அனுப்பியவர் சத்தியேந்திரநாத் போஸ். அவர் பெயரால்தான் ஒளித்துகள் போன்ற துகள்களை இன்றும் 'போசான்' என்று அழைக்கிறார்கள்.

ஒன்றை ஏன் எண்ண வேண்டும்?

இரகசியத்தைக் காப்பது இதன் முக்கியமான பயன்களில் ஒன்று. வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, அரசாங்கக் கடிதம் என எல்லாவற்றையும் பூட்டி அனுப்ப ஓர் இரகசிய எண் தேவை. அந்த எண்ணை இரண்டு பேர் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்ள, ஒவ்வோர் இலக்கத்தையும் ஒவ்வோர் ஒளித்துகளில் ஏற்றி அனுப்பும் முறை ஒன்று உண்டு. குவாண்டம் சாவிப் பகிர்வு என்பது அதன் பெயர். வழியில் யாராவது ஒளித்துகளைப் பிடித்துப் பார்த்தால் அதன் நிலை கலைந்துபோகும். அதை அப்படியே நகலெடுக்கவும் இயற்கை அனுமதிப்பதில்லை. அதனால் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஒளியிழையில் ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் ஏறத்தாழ 100இல் 1 பங்கு ஒளித்துகளே மிஞ்சும். ஜார்ஜ்டவுனிலிருந்து ஈப்போவுக்கு 150 கி.மீ. இழை போட்டால் 1,000 ஒளித்துகளில் ஒன்றுதான் போய்ச் சேரும். கோலாலம்பூருக்கு 350 கி.மீ. என்றால் ஒரு கோடியில் ஒன்று. கடலடி வடத்தில் வழிநெடுகப் பெருக்கிகள் பொருத்தி, மங்கும் ஒளியை மீண்டும் பெரிதாக்குகிறார்கள். ஒற்றை ஒளித்துகளுக்கு அந்த வசதி இல்லை, ஏனென்றால் அதை நகலெடுக்க முடியாது என்று இப்போதுதான் பார்த்தோம்.

எனவே, கோடியில் ஒன்றாக வந்து சேரும் அந்த ஒளித்துகளை மறுமுனையில் உள்ள கருவி தவறவிடக் கூடாது. வராததை வந்ததாகவும் சொல்லக் கூடாது.

கருவி ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் ஒளியிழை வழியாக ஓடிய குவாண்டம் சாவிப் பகிர்வை, சிங்கப்பூர், நார்வே ஆய்வாளர்கள் தாங்களே ஊடுருவிக் காட்டினார்கள். அவர்கள் இயற்பியல் விதியை மீறவில்லை. ஒளித்துகளை எண்ணும் கருவியின்மீது பிரகாசமான ஒளியைப் பாய்ச்சி, அதன் 'கண்ணைக் கூசச் செய்து', தாங்கள் விரும்பியபடி பேச வைத்தார்கள். சாவி முழுவதும் அவர்கள் கைக்கு வந்தது. அனுப்பியவருக்கோ பெற்றவருக்கோ துளியும் சந்தேகம் வரவில்லை. திருடுவது அவர்கள் நோக்கமல்ல. ஓட்டை எங்கே என்று காட்டினால்தான் அதை அடைக்க முடியும் என்பதற்காகச் செய்தார்கள். கதவு எவ்வளவு உறுதியானாலும் பூட்டு சரியில்லையென்றால் பயனில்லை. இங்கே பூட்டு என்பது அந்த எண்ணும் கருவிதான்.

இப்போது என்ன செய்கிறோம்?

ஒற்றை ஒளித்துகளைக் கண்டறியும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வகைக் கருவியில் ஒளித்துகள் ஓர் உலோகப் பரப்பில் மோதி ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும். நீங்கள் படிக்கும் ஒளிமின் விளைவுதான் இது. அந்த எலக்ட்ரான் அடுத்த தகட்டில் மோதிச் சில எலக்ட்ரான்களை எழுப்பும். அவை இன்னும் பலவற்றை எழுப்பும். இப்படிப் பெருகிப் பெருகி, கடைசியில் அளக்கக்கூடிய மின்துடிப்பு கிடைக்கும். குறைகடத்திச் சில்லுகளிலும் இதே வேலையைச் செய்ய வைக்கலாம். மீக்கடத்தி நுண்கம்பிகளால் ஆன கருவிகள் 100இல் 90க்கு மேல் சரியாகப் பிடிக்கின்றன. ஆனால் அவற்றைத் தனிச் சுழியான −273.15 பாகை செல்சியசுக்குச் சில பாகை அருகே வரை குளிர்விக்க வேண்டும்.

இவற்றில் பொதுவாகக் காணப்படும் குறைகள் மூன்று. முதலாவது, சில சமயம் ஒளித்துகள் வராமலே கருவி 'டிக்' என்று அடித்துவிடும். இரண்டாவது, பெரும்பாலான கருவிகளுக்கு ஒன்று வந்ததா, இரண்டு சேர்ந்து வந்தனவா என்று வேறுபாடு தெரியாது. மூன்றாவது, எண்ணி முடித்த ஒளித்துகள் அழிந்துபோகும். முட்டைக்குள் மஞ்சள் கரு இருக்கிறதா என்று அறிய முட்டையை உடைப்பது போன்றது இது. விடை கிடைக்கும், முட்டை போய்விடும்.

அணுவைக் காவலுக்கு வைப்போம்

2002ஆம் ஆண்டு டேனியல் ஜேம்ஸ், பால் குவியட் இருவரும் ஒரு புதிய வழியை முன்மொழிந்தார்கள். அதே ஆண்டில் அட்டாச் இமாமொக்லுவும் தனியே இதே போன்ற யோசனையை வெளியிட்டார். எலக்ட்ரானைப் பெருக்குவதற்குப் பதிலாக அணுவைச் சாட்சியாக வைப்பது என்பதே அந்த யோசனை.

ரூபிடியம் என்ற தனிமத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அணுவுக்கு மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையே மிக நெருக்கமான இரண்டு படிகளாகப் பிரிந்திருக்கும். கீழ்ப்படியை 'அ' என்றும், மேல்படியை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் எல்லா அணுக்களையும் 'அ' படியில் நிறுத்துகிறோம். பிறகு வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது.

முதல் கட்டத்தில், நாம் எதிர்பார்க்கும் ஒற்றை ஒளித்துகள் வரும் நேரத்தில், துணைக்கு ஒரு லேசர் ஒளியையும் பாய்ச்சுகிறோம். ஒளித்துகளும் லேசரும் சேர்ந்து அணுக்கூட்டத்தில் ஓர் அணுவை 'அ' படியிலிருந்து 'ஆ' படிக்குத் தள்ளிவிடும். ஒளித்துகள் வராவிட்டால், துணை லேசர் தனியாக எதையும் மாற்றாது.

இரண்டாம் கட்டத்தில் துணை லேசரை அணைத்துவிடுகிறோம். வந்த செய்தி இப்போது அணுவில் பதிந்துவிட்டது. அவசரமில்லை.

மூன்றாம் கட்டத்தில் வேறொரு லேசரை ஒளிரவிடுகிறோம். அதன் அதிர்வெண் 'ஆ' படியில் இருக்கும் அணுவுக்கு மட்டும் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. 'அ' படியில் இருப்பவை அதைக் கண்டுகொள்ளா. 'ஆ' படியில் உள்ள அணு மட்டும் அந்த ஒளியை விழுங்கி, உமிழ்ந்து, மீண்டும் அதே படிக்கு வந்து, மறுபடியும் விழுங்கும். ரூபிடியம் அணு ஒரு முறை கிளர்ந்து அடங்க ஏறத்தாழ 26 நானோ நொடி போதும். ஆகவே நொடிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட ஒளித்துகள்களை அது வெளியிடக்கூடும். ஒரு மில்லி நொடி காத்திருந்தால் பத்தாயிரத்துக்கு மேல். அவற்றில் நூற்றில் ஒன்றைக் கேமரா பிடித்தாலே நூற்றுக்கும் மேற்பட்டவை கிடைத்துவிடும். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதன் அழகு இங்கேதான். ஒன்று வந்தால் ஓர் அணு ஒளிரும். இரண்டு வந்தால் இரண்டு அணுக்கள் ஒளிரும். வந்தவை எத்தனை என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

முதல் கட்டத்தில் நடக்கும் மாற்றத்துக்கு 'ராமன் மாற்றம்' என்று பெயர். ஆம், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன்தான். ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது தன் ஆற்றலில் ஒரு பகுதியை அந்தப் பொருளிடம் விட்டுச் செல்லும் அல்லது அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் என்பதை அவர் 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு வகை ஒளியை வாங்கி வேறு வகை ஒளியைக் கொடுத்து, அந்த வித்தியாசத்தால் அணு படி மாறும் இந்த வழி, அவர் கண்ட விளைவின் வழித்தோன்றல்.

ஏன் குளிர்ந்த அணுக்கள்?

ஜாலான் பர்மாவில் அம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒலி கீச்சென்றும், கடந்து போகும்போது தாழ்ந்தும் கேட்கும் அல்லவா? அது டாப்ளர் விளைவு. ஒளிக்கும் இது பொருந்தும்.

சாதாரண அறை வெப்பநிலையில் ரூபிடியம் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 290 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறக்கின்றன. அப்படிப் பறக்கும் அணுவுக்கு, எதிரே வரும் 780 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் ஏறத்தாழ 370 மெகாஹெர்ட்ஸ் மாறித் தெரியும். ஆனால் அணு ஏற்றுக்கொள்ளும் அதிர்வெண் அகலமோ வெறும் 6 மெகாஹெர்ட்ஸ். வானொலியில் நிலையம் மாறிப்போனது போல, பெரும்பாலான அணுக்களுக்கு அந்த ஒளித்துகள் 'கேட்கவே' கேட்காது.

தனிச் சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை குளிர்வித்தால், அணுவின் வேகம் நொடிக்கு 17 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். ஆமை நடைதான். இப்போது டாப்ளர் மாற்றம் 0.2 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. எல்லா அணுக்களும் ஒரே நிலையத்தில் காதைத் திருப்பி வைத்திருக்கும்.

இவ்வளவு குளிர்ச்சியை எந்தக் குளிர்சாதனப் பெட்டி தரும்? எதுவும் தராது. இதைச் செய்வது லேசர். அணுவின் எதிர்த் திசையிலிருந்து வரும் ஒவ்வோர் ஒளித்துகளும் அதைச் சிறிது உதைக்கும். ஓர் உதையில் ரூபிடியம் அணுவின் வேகம் நொடிக்கு 6 மில்லிமீட்டர்தான் குறையும். 290 மீட்டர் வேகத்தை முழுவதும் குறைக்க ஏறத்தாழ 50,000 உதைகள் வேண்டும். ஓடும் பேருந்தைப் பிங்பாங் பந்துகளை எறிந்து நிறுத்துவது போல! ஆனால் அணு நொடிக்குக் கோடி முறை உதை வாங்கக்கூடியது என்பதால் வேலை சட்டென்று முடிந்துவிடும். இந்த முறையை வளர்த்தெடுத்த ஸ்டீவன் சூ, கிளாட் கோஹென்-டனூஜி, வில்லியம் பிலிப்ஸ் மூவருக்கும் 1997இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏன் ஒளியிழைக்குள்?

கண்ணைக் கட்டிக்கொண்டு எஸ்பிளனேட் திடலில் நின்று ஒரு பந்தை எறிகிறீர்கள். திடலில் எங்கோ நிற்கும் ஒரு கம்பத்தில் அது படுவது அரிது. அதே பந்தை, கம்பங்கள் வரிசையாக நிற்கும் ஒரு நீண்ட, குறுகிய காக்கி லீமா நடைபாதையில் எறிந்தால்? ஏதாவது ஒரு கம்பத்தில் பட்டே தீரும்.

ஒளித்துகளுக்கும் இதே கணக்குத்தான். சரியான அதிர்வெண்ணில் வரும் ஒளிக்கு ஓர் அணு ஏறத்தாழ 0.3 சதுர மைக்ரோமீட்டர் அகல 'வலை' விரித்து நிற்கிறது. ஒளி 12 சதுர மைக்ரோமீட்டர் பரப்பில் பரவிச் செல்கிறது என்று கொள்வோம். ஓர் அணுவில் சிக்கும் வாய்ப்பு 40இல் 1. தப்பும் வாய்ப்பு 40இல் 39. வரிசையாக 100 அணுக்கள் இருந்தால் தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காடாகக் குறையும். 300 இருந்தால் இரண்டாயிரத்தில் ஒன்று. கால்குலேட்டரில் 39 ÷ 40 என்ற விடையை 300 முறை பெருக்கிச் சரிபாருங்கள். இது எளிமையாக்கப்பட்ட கணக்கு. அணுக்கள் எல்லாம் நட்ட நடுவில் நிற்பதில்லை என்பதால் உண்மையில் இன்னும் அதிக அணுக்கள் வேண்டும்.

குவிவில்லையால் ஒளியை அவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்க முடியாதா? முடியும். ஆனால் குவிந்த ஒளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு தூரம் போவதற்குள் மீண்டும் விரிந்துவிடும். அந்தச் சிறு இடத்தில் வரிசையாக அணுக்களை நிறுத்த இடம் போதாது. ஒளியிழையோ, ஒளியை விரியவிடாமல் செ.மீ. கணக்கில் கொண்டுசெல்லும்.

இங்கே இன்னொரு கேள்வி எழும். சாதாரண ஒளியிழை திடக் கண்ணாடி ஆயிற்றே, அதற்குள் அணு எப்படிப் போகும்? இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, நடுவில் துளையுள்ள ஒளியிழை. படிவம் 4இல் நீங்கள் படித்த முழு அக எதிரொளிப்பு, மலாயில் 'பந்துலான் டாலாம் பெனோ', இங்கே உதவாது. அதற்கு உள்பகுதியின் ஒளிவிலகல் எண் வெளிப்பகுதியைவிட அதிகமாக இருக்க வேண்டும். இங்கோ உள்ளே வெற்றிடம். அதனால் நடுத்துளையைச் சுற்றித் தேன்கூடு போல நுண்துளைகளை அடுக்குகிறார்கள். அந்த அடுக்கு குறிப்பிட்ட அலைநீள ஒளியைத் தன்னுள் நுழையவிடாமல் திருப்பி அனுப்பும். போக்கிடம் இல்லாத ஒளி நடுத்துளை வழியாகவே ஓடும்.

மற்றொன்று, இழையைச் சூடாக்கி இழுத்து ஒளியின் அலைநீளத்தைவிட மெல்லியதாக ஆக்குவது. அவ்வளவு மெல்லிய இழைக்குள் ஒளி முழுவதும் அடங்காது. ஒரு பகுதி வெளிப்புறத்தை ஒட்டிப் படர்ந்து செல்லும். அந்தப் படரொளிக்குள் அணுக்களை நிறுத்தலாம்.

ஆய்வகங்களில் இதுவரை

2008இல் தோக்கியோவிலுள்ள மின்தொடர்பியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. பி. நாயக், கோசோ ஹகூத்தா இருவரும் இப்படி மெல்லியதாக்கிய இழையின் அருகே குளிர்ந்த சீசியம் அணுக்களைக் கொண்டுவந்து, ஒற்றை அணு வெளியிட்ட ஒளித்துகள்களை இழை வழியாகவே கண்டறிந்தார்கள். 2010இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஆர்னோ ரவுஷன்பாய்ட்டல் குழுவினர் 500 நானோமீட்டர் தடிமனுள்ள இழையின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 200 நானோமீட்டர் தள்ளி, சுமார் 2,000 சீசியம் அணுக்களை லேசர் ஒளியாலேயே அந்தரத்தில் பிடித்து வைத்தார்கள்.

துளையுள்ள இழையில் பெரிய அடி எடுத்து வைத்தது அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்கள். 2009இல் மிஹால் பாய்ச்சி, விளாதன் வுலெட்டிச், மிகைல் லூக்கின் உள்ளிட்டோர் 7 மைக்ரோமீட்டர் துளைக்குள் குளிர்ந்த ரூபிடியம் அணுக்களை இறக்கினார்கள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அந்தத் துளை. அணு கண்ணாடிச் சுவரைத் தொட்டால் அதோடு போயிற்று. கண்ணாடி அறை வெப்பநிலையில் இருக்கிறது. அதனால் துளையின் மையத்தில் மட்டும் பிரகாசமாக இருக்கும் இன்னொரு லேசர் ஒளியைச் செலுத்தி, அணுக்களை நடுவிலேயே இழுத்துப் பிடித்தார்கள். அந்த அமைப்பில் சில நூறு ஒளித்துகள்கள் மட்டுமே உள்ள துடிப்பு, இன்னொரு ஒளித்துடிப்பைப் போகவிடவோ தடுக்கவோ முடிந்தது. சில நூறு என்பது ஒன்றல்ல. ஆனாலும் 10¹⁸ஐ நினைத்துப் பார்த்தால், அது 'ஒன்று' என்ற கரைக்கு வெகு அருகில்.

நமக்குப் பக்கத்திலும் இந்தக் கலை வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷாவ்-யூ லான் குழுவினர், துளையுள்ள ஒளியிழைக்குள் குளிர்ந்த ரூபிடியம் அணுக்களை வைத்தே ஒரு நுண்ணளவைக் கருவியை இயக்கி 2018இல் வெளியிட்டார்கள்.

முட்டையை உடைக்காமல் பார்க்கும் வேலையும் நடந்துவிட்டது. 2013இல் ஜெர்மனியின் கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனத்தில் கெர்ஹார்ட் ரெம்பெ குழுவினர், இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒரே ஒரு ரூபிடியம் அணுவை நிறுத்தினார்கள். ஒளித்துகள் அந்த அமைப்பில் பட்டுத் திரும்பியது, அழியவில்லை. ஆனால் அது வந்து போனதற்கான தடயம் அணுவின் நிலையில் பதிந்திருந்தது. 100இல் 74 முறை சரியாகக் கண்டறிந்தார்கள். 2021இல் அதே குழுவினர் ஆடிகளை ஒளியிழைகளின் நுனியிலேயே செதுக்கி, ஒளித்துகள் சுமக்கும் செய்தியைக் கலைக்காமல் அது வந்ததை மட்டும் அறிந்து காட்டினார்கள்.

இது ஏன் முக்கியம்? ஜார்ஜ்டவுனிலிருந்து கோலாலம்பூர் போகும் வழியில் ஈப்போவில் ஒரு காவல் அணு நின்று, "ஒளித்துகள் இங்கே வரை வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டால், தொலைந்ததற்காக வீணாகக் காத்திருக்க வேண்டியதில்லை. நீண்ட தூரக் குவாண்டம் வலையமைப்புக்கு இத்தகைய இடைநிலையங்கள் தேவைப்படும்.

இன்னும் தீராத சிக்கல்கள்

இந்தக் கருவியை நீங்கள் கடையில் வாங்க முடியாது. காரணம், மூன்று கடினமான வேலைகள் மிச்சமிருக்கின்றன.

முதலாவது, தொடக்கத்தில் எல்லா அணுக்களும் 'அ' படியில் இருக்க வேண்டும். பத்தாயிரம் அணுக்களில் ஒன்றே ஒன்று தவறுதலாக 'ஆ' படியில் இருந்தாலும், ஒளித்துகள் வராமலே வந்ததாகக் கருவி பொய் சொல்லும்.

இரண்டாவது, அணுக்களை இழைக்குள் நீண்ட நேரம் தக்கவைப்பது சிரமம். ஒவ்வொரு முறையும் பிடித்து, குளிர்வித்து, இழைக்குள் இறக்கி, அளந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்கு வெற்றிடக் கலன், பல லேசர்கள், ஒரு மேசை நிறையக் கருவிகள் வேண்டும்.

மூன்றாவது, ரூபிடியம் விரும்புவது 780 நானோமீட்டர் ஒளியை. கடலடி வடம் விரும்புவதோ 1,550 நானோமீட்டர் ஒளியை. அந்த அலைநீளத்தில்தான் கண்ணாடி மிகக் குறைவாக விழுங்கும். ஆகவே நடுவில் ஒளித்துகளின் 'நிறத்தை' மாற்றும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் தேவை. அதற்கான படிகங்களும் முறைகளும் தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்து வருகின்றன.

நீங்களும் செய்து பாருங்கள்

குளிர்ந்த அணுக்களை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் ஒளி ஒரு பாதைக்குள் அடைபட்டு வளைவதைப் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் பக்கவாட்டில், அடிப்பகுதிக்குச் சற்று மேலே சிறு துளையிட்டு, அதைத் தண்ணீரால் நிரப்புங்கள். இருட்டறையில் அல்லது குளியலறையில், துளைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடியுங்கள். துளை வழியாக வளைந்து விழும் தண்ணீர்த் தாரைக்குள் ஒளியும் வளைந்து போவதையும், தாரை விழும் இடம் ஒளிர்வதையும் காண்பீர்கள். லேசர் பயன்படுத்த வேண்டாம், கண்ணுக்கு ஆபத்து. கைப்பேசியில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கணக்கு. 100 கி.மீ.க்கு 100இல் 1 பங்கு மிஞ்சும் என்றால், 50 கி.மீ.க்கு எவ்வளவு மிஞ்சும்? பாதித் தூரம் என்பதால் 50இல் 1 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு 50 கி.மீ. துண்டுகளின் பங்குகளைப் பெருக்கினால் 100இல் 1 வர வேண்டும். ஆகவே விடை 10இல் 1. இதே வழியில் சென்னை வரையிலான 2,400 கி.மீ.க்கும் கணக்கிடுங்கள். வரும் எண்ணைப் பார்த்தால், ஒற்றை ஒளித்துகளைப் பெரியம்மா வீடு வரை நேரடியாக அனுப்ப முடியாது என்பதும், இடையில் காவல் அணுக்களைத் தேடி இத்தனை பேர் ஏன் உழைக்கிறார்கள் என்பதும் உங்களுக்கே விளங்கும்.